ஹோமி பாபா: துகளின் கணக்கும் தேசத்தின் கணக்கும்

1966ஆம் ஆண்டு ஜனவரி 24ஆம் தேதி தில்லியில் நாட்டின் பிரதமராக இந்திரா காந்தி பதவியேற்றார். அதே நாள் காலையில், பம்பாயிலிருந்து லண்டன் சென்றுகொண்டிருந்த ஏர் இந்தியாவின் "கஞ்சன்ஜங்கா" என்ற போயிங் 707 விமானம் ஆல்ப்ஸ் மலையின் மாண்ட் பிளாங்க் சிகரத்தருகே மோதி நொறுங்கியது. விமானத்தில் இருந்த 117 பேரும் உயிரிழந்தனர். சர்வதேச அணுசக்தி முகமையின் அறிவியல் ஆலோசனைக் குழுக் கூட்டத்துக்காக வியன்னா புறப்பட்ட ஹோமி ஜஹாங்கீர் பாபா அவர்களுள் ஒருவர். அப்போது அவருக்கு வயது 56.

புதிய அரசு, தனது முதல் நாளிலேயே அணுசக்தி ஆணையத்தின் தலைவரை இழந்தது. மலைச் சிகரத்துக்கும் விமானத்துக்கும் இடையே இருந்த தொலைவு குறித்து விமானிக்கும் தரைக் கட்டுப்பாட்டாளருக்கும் ஏற்பட்ட தவறான புரிதலே விபத்துக்குக் காரணம் என்று பிரான்ஸில் நடந்த விசாரணை முடிவு செய்தது. சதி என்ற பேச்சு பின்னர் பலமுறை எழுந்தது. அதை நிறுவும் சான்று எதுவும் வெளிவரவில்லை.

இந்திய அணுசக்தித் திட்டத்தின் தந்தை என்றே பாபா பெரும்பாலோருக்கு அறிமுகம். உலகின் இயற்பியலாளர்களோ அவரை வேறொரு காரணத்துக்காக நினைவுகூர்கின்றனர். மின்னூட்டம் பெற்ற துகள்களும் ஒளியும் ஒன்றோடொன்று எவ்வாறு வினைபுரிகின்றன என்பதை விளக்கும் குவாண்டம் மின்னியக்கவியலின் தொடக்க காலத்தில் முத்திரை பதித்தவர் அவர். இந்த இரு வாழ்க்கைகளுக்கும் இடையே இருந்த உறவும் முரணும் இன்றும் ஆராயத் தக்கவை. ஒன்றில் அவரது கணக்கை எவரும் சோதித்துப் பார்க்கலாம். மற்றொன்றில் சோதிக்கும் உரிமை மிகச் சிலருக்கே இருந்தது.

பொறியாளராக வேண்டியவர்

பாபா 1909 அக்டோபர் 30 அன்று பம்பாயில் செல்வமும் கல்வியும் நிறைந்த பார்சிக் குடும்பத்தில் பிறந்தார். தந்தை வழக்கறிஞர். அத்தை மெஹர்பாய், ஜாம்ஷெட்ஜி டாடாவின் மூத்த மகன் தோராப்ஜி டாடாவின் மனைவி. 1927இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக்கு இயந்திரப் பொறியியல் படிக்க அனுப்பப்பட்டார். படிப்பு முடிந்ததும் ஜாம்ஷெட்பூர் எஃகு ஆலையில் பொறுப்பேற்க வேண்டும் என்பது குடும்பத்தாரின் விருப்பம்.

கேம்பிரிட்ஜில் அப்போது இயற்பியல் தலைகீழாக மாறிக்கொண்டிருந்தது. எலெக்ட்ரானின் இயக்கத்தைச் சார்பியல் கோட்பாட்டோடு பொருத்திய சமன்பாட்டை 1928இல் பால் டிராக் வெளியிட்டார். வணிகமும் பொறியியலும் தன் இயல்புக்கு ஒத்தவையல்ல, இயற்பியலே தன் வழி என்று பாபா தந்தைக்குக் கடிதம் எழுதினார். பொறியியலில் முதல் வகுப்பில் தேறினால் கணிதம் படிக்கவும் பணம் தருவதாகத் தந்தை இசைந்தார். 1930இல் பொறியியலிலும் 1932இல் கணிதத்திலும் முதல் வகுப்பில் தேறினார் பாபா. பின்னர் சூரிக்கில் பவுலி, ரோமில் ஃபெர்மி, கோபன்ஹேகனில் நீல்ஸ் போர் ஆகியோரிடம் சென்று பயின்றார்.

டிராக்கின் சமன்பாட்டிலிருந்து, எலெக்ட்ரானுக்கு நேர்மாறான மின்னூட்டம் கொண்ட துகள் ஒன்று இருக்க வேண்டும் என்ற முடிவு பிறந்தது. 1932இல் அமெரிக்காவின் கார்ல் ஆண்டர்சன் அதைக் கண்டறிந்தார். சுமார் 15,000 காஸ் வலிமையுள்ள காந்தப்புலத்தில் வைக்கப்பட்ட மேகக் கலத்தில் ஒரு துகளின் தடம் எலெக்ட்ரானின் தடத்துக்கு எதிர்ப்புறமாக வளைந்திருந்தது. பாசிட்ரான் என்று பெயர் பெற்ற அத்துகளைக் காட்டிக்கொடுத்தது காந்தப்புலமே.

எலெக்ட்ரானும் பாசிட்ரானும் மோதினால் என்ன நிகழும் என்ற கேள்வியைப் பாபா எடுத்துக்கொண்டார். அவை ஒன்றையொன்று ஈர்த்து விலகிச் செல்லலாம். இரண்டும் அழிந்து ஒளியாகி, அந்த ஒளியிலிருந்து மீண்டும் ஓர் இணை பிறக்கவும் செய்யலாம். வெளியே வரும் துகள்களைக் கொண்டு, எந்த வழியில் அவை வந்தன என்று பிரித்தறிய இயலாது. ஆகவே இரு வழிகளையும் சேர்த்தே கணக்கிட வேண்டும் என்று அவர் காட்டினார். 1936இல் வெளியான அந்தக் கணக்கு "பாபா சிதறல்" என்ற பெயரால் இன்றளவும் பாடநூல்களில் வழங்குகிறது.

ஒன்று பலவாகும் கணக்கு

விண்வெளியிலிருந்து பூமியை இடையறாது தாக்கும் காஸ்மிக் கதிர்கள் அக்காலத்தின் பெரும் புதிராக இருந்தன. ஈயத் தகட்டின் வழியே ஒரு கதிர் செல்லும்போது திடீரெனப் பல துகள்கள் பொழிவாக வெளிப்பட்டன. வேறு சில துகள்களோ தடித்த ஈயத்தையும் எளிதில் ஊடுருவிச் சென்றன. கோட்பாட்டின்படி வேகமான எலெக்ட்ரான் அவ்வளவு தொலைவு ஊடுருவ முடியாது. எனவே மிகை ஆற்றல்களில் குவாண்டம் மின்னியக்கவியல் பொய்த்துப்போகிறது என்று பலர் ஐயுற்றனர்.

1937இல் பாபாவும் வால்டர் ஹைட்லரும் இணைந்து எழுதிய கட்டுரை அந்த ஐயத்தின் பாதியை நீக்கியது. ஆற்றல் மிக்க எலெக்ட்ரான் ஓர் அணுக்கருவின் அருகே செல்லும்போது ஒளித்துகளை உமிழ்கிறது. அந்த ஒளித்துகள் மற்றோர் அணுக்கருவின் அருகே எலெக்ட்ரான், பாசிட்ரான் இணையாக மாறுகிறது. அவை ஒவ்வொன்றும் மீண்டும் ஒளியை உமிழ்கின்றன. ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, ஆற்றல் பங்கிடப்பட்டுத் தீரும்வரை பெருகும் இந்தத் தொடரே துகள் பொழிவு. ஓப்பன்ஹைமரும் கார்ல்சனும் அமெரிக்காவில் அதே காலத்தில் தனித்து இதே முடிவை எட்டினர். பழைய கோட்பாட்டில் எதையும் மாற்றாமலே பொழிவுகளை விளக்க முடிந்தது.

எஞ்சிய பாதிக்கும் பாபா தெளிவான விடையை முன்வைத்தார். ஈயத்தை ஊடுருவும் துகள் எலெக்ட்ரானே அல்ல, எலெக்ட்ரானைவிடக் கனமான புதிய துகள் என்றார். இன்று மியூவான் எனப்படும் அத்துகளின் தடங்கள் அதே காலத்தில் அமெரிக்காவில் கண்டறியப்பட்டன. ஒளியின் வேகத்தை நெருங்கிச் செல்லும் அத்தகைய துகளின் ஆயுள், சார்பியல் விதிப்படி நீண்டதாகத் தோன்றும் என்று 1938இல் அவர் கணித்தார். சில ஆண்டுகளுக்குள் அமெரிக்காவில் நடந்த சோதனைகள் அதை உறுதி செய்தன. கோட்பாட்டைக் கைவிடுவதற்கு முன், அது எந்தத் துகளுக்குப் பொருத்தப்படுகிறது என்பதைச் சோதிக்க வேண்டும் என்பதே அவரது அணுகுமுறையாக இருந்தது.

பூமியே ஒரு சல்லடை

1939இல் விடுமுறையில் தாயகம் வந்த பாபாவை இரண்டாம் உலகப் போர் இங்கேயே நிறுத்தியது. சர் சி.வி. ராமன் இயற்பியல் துறையை நடத்திவந்த பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் அவர் சேர்ந்தார். 1941இல், 31 வயதில், லண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். பின்னாளில் உலகப் புகழ் பெற்ற கணித மேதை ஹரீஷ் சந்திரா அங்கே அவரிடம் பணியாற்றினார்.

காஸ்மிக் கதிர் ஆய்வுக்கு இந்தியாவின் இருப்பிடம் இயற்கை அளித்த வாய்ப்பு. பூமியின் காந்தப்புலம் அரை காஸ் அளவே உள்ள மெல்லிய புலம். ஆயினும் அது விண்வெளியில் பல்லாயிரம் கிலோமீட்டர் பரந்திருப்பதால், வந்து சேரும் மின்னூட்டத் துகள்களை வளைத்துத் திருப்பிவிடுகிறது. காந்த நடுக்கோட்டை நெருங்க நெருங்க இந்தத் தடை வலுக்கிறது. தென்னிந்தியாவின் வானில் நேர் மேலிருந்து நுழைய, ஒரு புரோட்டானுக்குச் சுமார் 1,500 கோடி எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றலாவது தேவை. வடக்கே செல்லச் செல்ல அந்த வரம்பு குறைகிறது. தெற்கிலிருந்து வடக்குவரை ஒரே நாட்டுக்குள் அளவீடு செய்தால், துகள்களை ஆற்றல்வாரியாகப் பிரிக்கும் சல்லடையாகப் பூமியே பயன்படும். போர்க்காலத்தில் பெங்களூர் வானில் உயரப் பறந்த விமானங்களில் கருவிகளை ஏற்றிப் பாபாவின் குழுவினர் அளவீடுகள் எடுத்தனர். ஏழை நாடு ஒன்று செலவு மிகுந்த இயந்திரங்கள் இன்றியும் முன்னணி ஆய்வு செய்ய இயலும் என்ற நம்பிக்கைக்கு இது அடிப்படையாயிற்று.

1944 மார்ச்சில் அவர் தோராப்ஜி டாடா அறக்கட்டளைக்கு ஒரு கடிதம் எழுதினார். அடிப்படை ஆராய்ச்சிக்கு ஒரு நிறுவனம் வேண்டும், அணுசக்தியால் மின்சாரம் தயாரிக்கும் காலம் வரும்போது இந்தியா நிபுணர்களுக்காக வெளிநாட்டை நோக்கக் கூடாது என்பது அதன் சாரம். ஹிரோஷிமாவில் குண்டு விழ ஓராண்டுக்கு மேல் இருந்த நேரம் அது. 1945 ஜூனில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் பெங்களூரில் தொடங்கி, அவ்வாண்டு இறுதியில் பம்பாய்க்கு மாறியது. சென்னையைச் சேர்ந்த அல்லாடி ராமகிருஷ்ணன் அங்கே பாபாவிடம் சேர்ந்து, துகள் பொழிவுகளின் ஏற்ற இறக்கங்களைக் கணக்கிடும் ஆய்வில் ஈடுபட்டார். 1962இல் சென்னையில் கணித அறிவியல் நிறுவனம் உருவாகக் காரணமானவரும் அவரே.

தில்லியின் துணை

விடுதலைக்குப் பின் பாபாவின் களம் மாறியது. 1948 ஏப்ரலில் அணுசக்தி மசோதாவைப் பிரதமர் நேரு அரசியல் நிர்ணய சபையில் முன்மொழிந்தார். அதே மாதத்தில் பாபா பிரதமருக்கு ஒரு குறிப்பு அனுப்பினார். அணுசக்திப் பணியை மூவர் கொண்ட சிறு அமைப்பிடம் ஒப்படைக்க வேண்டும், அது பிரதமருக்கு மட்டுமே நேரடியாகப் பொறுப்பாக இருக்க வேண்டும் என்று அதில் வலியுறுத்தினார். ஆகஸ்டில் அவ்வாறே ஆணையம் அமைந்தது. பாபா தலைவரானார். சாந்தி ஸ்வரூப் பட்நாகரும், தில்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் இயக்குநரான வத்திராயிருப்பு கே.எஸ். கிருஷ்ணனும் உறுப்பினர்கள். 1954இல் அணுசக்தித் துறை தனியே தோன்றியபோது அதன் செயலரும் பாபாவே. மற்றத் துறைகளின் தலைமையகங்கள் தில்லியில் இருக்க, இத்துறையின் தலைமையகம் மட்டும் பம்பாயில் அமைந்தது.

பலன்கள் விரைவாகக் கிட்டின. 1955இல் ஜெனீவாவில் ஐ.நா. நடத்திய அணுசக்தி மாநாட்டுக்குத் தலைமை தாங்கும் வாய்ப்பு பாபாவுக்குக் கிடைத்தது. 1956 ஆகஸ்ட் 4 அன்று டிராம்பேயில் அப்சரா உலை இயங்கத் தொடங்கியது. 1957இல் தொடங்கிய பயிற்சிப் பள்ளி ஆண்டுதோறும் இளம் விஞ்ஞானிகளை உருவாக்கியது. யுரேனியம் குறைவாகவும் கேரள, தமிழகக் கடலோர மணலில் தோரியம் மிகுதியாகவும் உள்ள நாடு இது. முதலில் இயற்கை யுரேனியம், அடுத்து புளூட்டோனியம், இறுதியில் தோரியம் என்ற மூன்று கட்டத் திட்டம் அதைக் கருத்தில் கொண்டே வகுக்கப்பட்டது.

எழுந்த கேள்விகள்

எதிர்ப்பு இல்லாமல் இல்லை. ரகசியம் காக்கும் விதிகள் அமெரிக்க, பிரிட்டிஷ் சட்டங்களைவிடவும் கடுமையாக இருப்பது ஏன் என்று மைசூரைச் சேர்ந்த உறுப்பினர் கிருஷ்ணமூர்த்தி ராவ் 1948லேயே கேட்டார். அமைதிப் பயன்பாட்டையும் ராணுவப் பயன்பாட்டையும் பிரித்துக் காண்பது எளிதல்ல என்பதை நேரு ஒப்புக்கொண்டார். மசோதா நிறைவேறியது.

அதைவிட வலுவான விமர்சனம் மேகநாத் சாகாவிடமிருந்து வந்தது. விண்மீன்களின் நிறமாலையை விளக்கிய சமன்பாட்டால் உலகப் புகழ் பெற்ற சாகா, 1952இல் கல்கத்தாவிலிருந்து சுயேச்சையாக மக்களவைக்குத் தேர்வானவர். கிழக்கு வங்கக் கிராமம் ஒன்றில் சிறு கடைக்காரரின் மகனாகப் பிறந்து, கல்வி உதவித்தொகையால் உயர்ந்தவர். முதலில் தொழில் வளமும் பல்கலைக்கழகங்களில் பயிற்சி பெற்றோரும் பெருக வேண்டும், அணுசக்தி ஆய்வு திறந்த அவையில் நடக்க வேண்டும் என்பது அவர் வாதம். 1954 மே மாதம் மக்களவையில் நடந்த அணுசக்தி விவாதத்துக்கு அவரே காரணர். ஆனால் முடிவெடுக்கும் இடத்தில் அவருக்கு இடம் கிட்டவில்லை. 1956 பிப்ரவரியில் தில்லியில் திட்டக் கமிஷன் அலுவலகத்துக்கு நடந்து செல்லும் வழியில் சாகா மயங்கி விழுந்து உயிர்நீத்தார்.

இருவரின் வேறுபாட்டைத் தனிப்பட்ட பகையாகச் சுருக்குவது பொருந்தாது. அரசு அலுவலகச் சிக்கல்களில் அறிவியல் மூச்சுத் திணறக் கூடாது என்று பாபா அஞ்சினார். அந்த அச்சத்துக்கு நியாயம் இருந்தது. அவரளித்த சுதந்திரத்தால் டாடா நிறுவனம் கணிதத்திலும் இயற்பியலிலும் உலகத் தரத்தை எட்டியது. மறுபுறம், ஆராய்ச்சி ஓரிடத்திலும் மாணவர் வேறிடத்திலும் என்ற பிளவு நிலைத்தது. சாகா எச்சரித்தபடி பல்கலைக்கழகங்களின் ஆய்வு பின்தங்கியது.

மதிப்பீடுகளிலும் இந்தக் குறை தெரிந்தது. 1980ஆம் ஆண்டுக்குள் 8,000 மெகாவாட் அணு மின்சாரம் என்று தொடக்கத்தில் இலக்கு வைக்கப்பட்டது. அந்த ஆண்டில் தாராப்பூர், ராஜஸ்தான் உலைகளின் திறன் இரண்டும் சேர்ந்தும் 1,000 மெகாவாட்டை எட்டவில்லை. சீனா 1964 அக்டோபர் 16 அன்று அணுகுண்டு வெடித்தபின் பாபா அகில இந்திய வானொலியில் உரையாற்றினார். அணு ஆயுதக் குறைப்பின் தேவையைப் பேசிய அதே உரையில், 50 குண்டுகளுக்கு 10 கோடி ரூபாய்க்கும் குறைவாகவே செலவாகும் என்ற மதிப்பீட்டையும் தந்தார். அது அமெரிக்கா வெளியிட்ட கட்டணங்களை அடிப்படையாகக் கொண்டது. உலைகளுக்கும் ஆலைகளுக்கும் ஆகும் பெருஞ்செலவு அதில் சேரவில்லை. குண்டு வேண்டும் என்றோருக்கு அந்த எண் ஆயுதமாயிற்று. அதைச் சரிபார்க்கத் தேவையான தகவல் நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் இல்லை.

மறைவுக்குப் பின்

பாபா மறைந்த மறு ஆண்டில் டிராம்பே மையம் அவர் பெயரைப் பெற்றது. அதே 1967இல் பிரிட்டனில் பல்சார் எனப்படும் துடிக்கும் விண்மீன்கள் கண்டுபிடிக்கப்பட்டன. அவற்றின் காந்தப்புலம் பொதுவாக ஒரு லட்சம் கோடி காஸ் அளவுள்ளது. அங்கே மின்னூட்டத் துகள் விரும்பிய அளவில் சுற்றிவர முடியாது. படிக்கட்டின் படிகளைப் போல வரையறுக்கப்பட்ட ஆற்றல் நிலைகளிலேயே அது சுழல முடியும். சுமார் 44 லட்சம் கோடி காஸ் என்ற எல்லையை நெருங்கும்போது, ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் உள்ள இடைவெளி எலெக்ட்ரானின் நிறைக்கு ஈடான ஆற்றலையே எட்டுகிறது. அத்தகைய வலிய புலத்தில், ஆற்றல் மிக்க ஒளித்துகள் எலெக்ட்ரான், பாசிட்ரான் இணையாக மாற அணுக்கருவின் துணையும் வேண்டியதில்லை. காந்தப்புலமே போதும். பிறந்த இணை மீண்டும் ஒளியை உமிழ, அது மீண்டும் இணைகளாகிறது. ஈயத் தகட்டுக்குப் பாபா எழுதிய பெருக்கத்தின் கதை, விண்மீன் ஒன்றின் துருவத்தின் மேல் வேறு வடிவில் நிகழ்கிறது. பல்சார்களின் ரேடியோ துடிப்புகளுக்கு இந்தத் துகள் பெருக்கமே மூலம் என்பது பெரும்பாலான வானியலாளர் கருத்து.

அந்தத் துடிப்புகளைக் கேட்கும் கருவி ஒன்று உதகமண்டலத்தில் உள்ளது. வெளிநாட்டில் இருந்த கோவிந்த் ஸ்வரூப்பையும் அவரது தோழர்களையும் பாபா 1962இல் தாயகம் அழைத்தார். அக்குழு 530 மீட்டர் நீளமுள்ள ரேடியோ தொலைநோக்கியை நீலகிரிச் சரிவில் நிறுவியது. 1970இல் அது செயல்படத் தொடங்கியது. மலைச்சரிவின் சாய்வும் அவ்விடத்தின் அட்சரேகையும் ஏறத்தாழ 11 பாகையாக ஒத்திருந்ததால், விண்மீன்களைப் பின்தொடர்வது எளிதாயிற்று. கோலார் தங்கவயல் சுரங்கத்தின் ஆழத்தில் பாபா தொடங்கிவைத்த ஆய்வுகளின் தொடர்ச்சியாக, 1965இல் காஸ்மிக் கதிர்களால் பிறந்த நியூட்ரினோக்களின் தடயம் அங்கே பதிவானது.

உதகையிலேயே உள்ள கிரேப்ஸ்-3 காஸ்மிக் கதிர் ஆய்வகம், 2015 ஜூன் 22 அன்று சுமார் இரண்டு மணி நேரம் மியூவான்கள் மிகுந்து வந்ததைப் பதிவு செய்தது. சூரியனிலிருந்து கிளம்பிய காந்தப் புயல் பூமியின் காந்தக் கவசத்தைச் சற்றுத் தளர்த்தியதே காரணம் என்று ஆய்வாளர்கள் விளக்கினர். பெங்களூர் நாள்களில் பாபா கண்ட சல்லடை சிறிது நேரம் அகன்றது என்று இதைக் கொள்ளலாம்.

பாபா சிதறலுக்கும் ஓய்வில்லை. ஜெனீவாவில் 1989 முதல் 2000 வரை இயங்கிய பெரிய எலெக்ட்ரான், பாசிட்ரான் மோதுகருவியில், எத்தனை மோதல்கள் நிகழ்கின்றன என்பதை அளக்கும் படிக்கல்லாக அதுவே பயன்பட்டது. அதன் பின்னர் வந்த கருவிகளிலும் அதே முறை தொடர்கிறது. அந்தக் கணக்கு 1936 முதல் எண்ணற்ற முறை சோதிக்கப்பட்டு, மேலும் நுட்பமாகத் திருத்தப்பட்டுள்ளது. அளவுகோலாகும் தகுதியை அது பெற்றது அந்தச் சோதனைகளால்தான்.

பாபா கட்டிய நிறுவனங்கள் இந்தியாவின் செல்வம். அவர் விட்டுச் சென்ற ரகசியப் பழக்கமும் அவற்றோடு சேர்ந்தே வளர்ந்தது. உலைகளின் செலவு, பாதுகாப்பு, கதிர்வீச்சு அளவு ஆகியவை பற்றித் தாராப்பூர் முதல் கூடங்குளம் வரை மக்கள் எழுப்பிய கேள்விகளுக்கு, அரசு நீண்ட காலம் அளித்த விடை தன்னை நம்பும்படி கேட்பதாகவே இருந்தது. எலெக்ட்ரானைப் பற்றி அப்படி ஒரு விடையை யாராவது தந்திருந்தால் கேம்பிரிட்ஜ் நாள்களின் பாபா ஏற்றிருக்க மாட்டார். அவரது முதல் வாழ்க்கையின் நெறியை இரண்டாம் வாழ்க்கையின் நிறுவனங்களுக்கும் பொருத்துவது, அவற்றை நடத்துவோரின் கையிலும் அவர்களைக் கேள்வி கேட்கும் நாடாளுமன்றத்தின் கையிலும் இருக்கிறது.